42 வயதில் முதல் குழந்தை: எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வயது 42, கணவருக்கு 47 என்றும், 40 வயதில்தான் திருமணம் நடந்தது என்றும், எட்டு மாதங்களாகக் குழந்தைக்காக முயன்றுவருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் 28 நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் வருவதும், உங்கள் பாட்டி தம் கடைசிக் குழந்தையை 44 வயதில் பெற்றதும், 45 வயதுக்கு மேல் தாயான பிரபலங்களைப் பற்றி அடிக்கடி வரும் செய்திகளும் உங்களுக்குத் தைரியம் தருகின்றன என்கிறீர்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள்: இந்த வயதில் குழந்தை பெறுவது எவ்வளவு பரவலானது, இன்னும் ஓராண்டு இயல்பாகவே முயன்று பார்க்கலாமா, பிறக்கும் குழந்தை நலமாக இருக்குமா.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குத்தான் அவசரம் இருக்கிறது. ஓராண்டு காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே கருத்தரிப்புச் சிகிச்சையில் அனுபவமுள்ள மருத்துவரைக் கணவருடன் சென்று பாருங்கள். 35 வயதுக்குட்பட்ட பெண்கள் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் பரிசோதனைக்கு வரவேண்டும், 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்களில் வரவேண்டும், 40 வயதைக் கடந்தவர்கள் முயற்சியைத் தொடங்கும்போதே வரலாம் என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். உங்களுக்குத் தைரியம் தரும் அந்த மூன்று விஷயங்களும் பொய்யல்ல. ஆனால் அவற்றில் எதுவும் உங்கள் வாய்ப்பைப் பற்றிப் பேசவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதே இந்தப் பதிலின் பெரும்பகுதி.

பிந்திய வயதுப் பிறப்புகள் கூடிவருகின்றன என்பதில் ஐயமில்லை. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளில், குழந்தை பெறும் பெண்களின் சராசரி வயது 2000-ஆம் ஆண்டில் 28.6 ஆக இருந்தது. 2022-இல் அது 30.9 ஆகிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ஆம் ஆண்டில், 20 வயதுக்குட்பட்ட பெண்களின் பிறப்பு விகிதத்தை 40 வயதைக் கடந்த பெண்களின் பிறப்பு விகிதம் முந்தியது. இந்தச் செய்தி அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த விகிதம் எவ்வளவு என்று பார்த்தால், 1,000 பெண்களுக்கு ஏறத்தாழ 15 பிறப்புகள்தான். பதின்வயதுப் பிறப்புகள் வெகுவாகக் குறைந்ததும் அந்த முந்துதலுக்கு ஒரு காரணம். அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் 40 முதல் 44 வயது வரையுள்ள 1,000 பெண்களுக்கு ஓராண்டில் சுமார் 12 அல்லது 13 குழந்தைகள் பிறக்கின்றன. 45 முதல் 49 வயது வரையுள்ளவர்களிடம் அது ஏறக்குறைய ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த எண்களையும் அப்படியே உங்கள் மீது பொருத்திப் பார்த்துக் கலங்க வேண்டாம். அந்த 1,000 பெண்களில் பெரும்பாலோர் இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்து, அதற்கான தடுப்பு முறைகளையும் கையாள்பவர்கள். ஆகவே மக்கள்தொகைக் கணக்கு உங்கள் வாய்ப்பை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. 48 வயதுத் தாயின் புகைப்படமோ உள்ளதைவிட மிகுதியாகக் காட்டுகிறது. உங்களுக்கு வேண்டியது, உங்கள் வயதில் குழந்தை வேண்டும் என்று முயன்றவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற கணக்கு.

அதற்கு உங்கள் பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டுச் செய்தியில் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு: 40 வயதைக் கடந்தவர்களின் விகிதம் முந்தியது 1947-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அதாவது, அதற்கு முன்பும் அப்படி இருந்திருக்கிறது. பிந்திய வயதில் குழந்தை பெறுவது புதிய வழக்கமே அல்ல. கருத்தடை பரவாத காலத்தில் ஏழாவது, எட்டாவது குழந்தை 40 வயதைத் தாண்டிப் பிறப்பது எங்கும் காணப்பட்ட ஒன்று. புதியது என்னவென்றால், முதல் குழந்தையே அந்த வயதில் பிறப்பது. உங்கள் பாட்டியின் உடல் அதற்கு முன் பலமுறை கருத்தரித்து, சுமந்து, பெற்றுத் தன்னை நிரூபித்துவிட்ட உடல். அவருடைய 44-ஐ உங்கள் 42-உடன் ஒப்பிட முடியாது.

கருத்தடையே கையாளாத சமூகங்களிலும் பேறுகாலத்துக்கு ஓர் எல்லை இருந்தது. வட அமெரிக்காவில் வாழும் ஹட்டரைட் என்னும் சமயச் சமூகத்தினர் கருத்தடையைத் தவிர்ப்பவர்கள். அவர்களைப் பற்றி 1957-இல் வெளியான ஆய்வின்படி, கடைசிக் குழந்தை பிறந்தபோது தாயின் சராசரி வயது ஏறத்தாழ 41. ஆனால் 34 வயதுக்குப் பிறகு மறுபடியும் குழந்தை பெறாதவர்கள் 11 சதவீதம், 40 வயதுக்குள் பேறு நின்றுபோனவர்கள் 33 சதவீதம், 45 வயதுக்குள் நின்றுபோனவர்கள் 87 சதவீதம். 40-க்கும் 45-க்கும் இடையில் உள்ள அந்தச் சரிவைப் பாருங்கள். நீங்கள் நிற்பது அதன் நடுவில்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான கணக்கு, பழைய காலத் திருமணப் பதிவுகளை ஆராய்ந்து 1986-இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. 20 முதல் 24 வயதுக்குள் மணந்த பெண்களில் 6 சதவீதத்தினருக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. 35 முதல் 39 வயதுக்குள் மணந்தவர்களில் இது 30 சதவீதம். 40 முதல் 44 வயதுக்குள் மணந்தவர்களில் 64 சதவீதம். கணவரின் வயதும், அக்காலத்து நோய்களும், எந்தச் சிகிச்சையும் இல்லாத நிலையும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. அதையே திருப்பிப் படித்தால், மருத்துவ உதவி ஏதுமில்லாமலே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள் தாயானார்கள் என்றும் வரும். உங்கள் முதல் கேள்விக்கு என்னால் தரமுடிந்த நேர்மையான பதில் இதுதான்: அரிதல்ல, ஆனால் பெரும்பான்மையும் அல்ல, அதோடு ஒவ்வொரு மாதமும் அந்தப் பங்கு சுருங்குகிறது. 30 வயதில் உடல்நலமுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் என்றால், 40 வயதில் அது 5 சதவீதத்துக்கும் கீழ்.

பிரபலங்களைப் பற்றிய செய்திகளுக்கு வருகிறேன். எந்தத் தனிமனிதரும் தமக்கு எப்படிக் குழந்தை பிறந்தது என்பதைப் பொதுவெளியில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்; அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 45 வயதுக்கு மேற்பட்ட முதல் பிரசவங்களில் பெரும்பகுதி, வேறொரு இளம் பெண் தானமாகத் தந்த கருமுட்டையாலோ, தாயாகும் பெண்ணே தம் இளம் வயதில் எடுத்து உறைய வைத்த கருமுட்டையாலோ நிகழ்பவை. செய்தியில் வயது வரும், முட்டையின் வயது வராது. பிரிட்டனில் இச்சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் 2019-ஆம் ஆண்டு விவரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சொந்தக் கருமுட்டையில் உருவாகிக் கருப்பைக்குள் வைக்கப்பட்ட ஒவ்வொரு கருவும் குழந்தையாகப் பிறக்கும் விகிதம் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு 32 சதவீதம், 40 முதல் 42 வயது வரை 11 சதவீதம், 43 வயதுக்கு மேல் ஏறக்குறைய 5 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால், பெறுபவரின் வயது எதுவாயினும் அந்த விகிதம் 30 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. கருப்பைக்கு வயதாவது மெதுவாக; கருமுட்டைக்கு வயதாவது வேகமாக. கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே இணைத்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சை 1978-இல் முதல் குழந்தையைத் தந்தது முதல் இன்றுவரை எவ்வளவோ முன்னேறியிருந்தும், வயதான கருமுட்டையை இளமையாக்கும் வழி மட்டும் அதற்கு இன்னும் கைவரவில்லை.

மாதவிடாய் ஒழுங்காக வருவதைப் பெரிய சான்றாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் உங்கள் வயதுப் பெண்களில் அநேகர் சொல்வதும் இதுவே. மாதவிடாய் ஒழுங்காக இருப்பது, கருமுட்டை பெரும்பாலும் மாதந்தோறும் வெளியாகிறது என்பதற்கு அடையாளம். அது நல்ல விஷயமும்கூட. ஆனால் வெளியாகும் முட்டை எத்தகையது என்பதை அது சொல்லாது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போது அவளுடைய சூலகங்களில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகவும், பூப்பெய்தும்போது மூன்று முதல் ஐந்து லட்சமாகவும், 37 வயதளவில் சுமார் 25,000 ஆகவும் குறைகின்றன. புதிதாக உருவாவதில்லை. எண்ணிக்கை குறைவதைவிட முக்கியமான மாற்றம் முட்டைக்குள் நடக்கிறது. இந்த மாதம் உங்களிடமிருந்து வெளியாகும் முட்டை 42 ஆண்டுகளுக்கு மேலாகச் செல் பிரிவின் பாதியில் நின்று காத்திருந்த ஒன்று. மரபணுக்களைத் தாங்கும் அதன் குரோமோசோம்களை இணைத்துப் பிடித்திருக்கும் புரதப் பிணைப்புகள், நெடுநாள் மடித்து வைத்த துணியின் மடிப்பில் இழை இற்றுப்போவதுபோல் தளர்ந்துவிடுகின்றன. முட்டை தன் பிரிவை முடிக்கும் நேரத்தில் குரோமோசோம்கள் சமமாகப் பிரியாமல் ஒன்று கூடியோ குறைந்தோ போகின்றன. 40 வயதைக் கடந்தவர்களின் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவை இப்படிப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை கருப்பையில் ஒட்டாமலே போகும். மாதவிடாய் உரிய நாளில் வந்துவிடுவதால் கரு உருவானதே தெரியாது. ஒட்டியவற்றிலும் பல சில வாரங்களில் கலைந்துவிடும். நார்வேயின் 2009 முதல் 2013 வரையிலான பதிவுகளின்படி, 25 முதல் 29 வயதுப் பெண்களின் கர்ப்பங்களில் 10 சதவீதம் கலைந்தன. 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 53 சதவீதம்.

உங்களுக்கு அப்படி நேர்ந்தால், மாடிப்படி ஏறியதையும் பயணம் போனதையும் காரணமாக எண்ணி உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதினேன்.

ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மருந்து கொடுத்துத் தூண்டினால் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று மதிப்பிட அது உதவும். இயல்பாகக் கருத்தரிப்பீர்களா என்பதை அது முன்னறிவிக்காது. நல்ல எண் வந்தால் மகிழ்ந்து சும்மா இருந்துவிடுவதும், குறைந்த எண் வந்தால் எல்லாம் முடிந்தது என்று அழுவதும் இரண்டுமே தவறு. அதோடு தைராய்டு, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கருக்குழாய்களில் அடைப்பு, கருப்பையில் நார்த்திசுக் கட்டிகள் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். நார்த்திசுக் கட்டிகள் உங்கள் வயதில் மிகச் சாதாரணம். அவற்றில் எல்லாவற்றுக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

உங்கள் கடிதம் முழுவதும் உங்கள் உடலைப் பற்றியே இருக்கிறது. கணவரைப் பற்றி வயது தவிர வேறொன்றும் இல்லை. முதல் நாளே அவருக்கும் விந்துப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். செலவு குறைந்த, வலியில்லாத, இரண்டொரு நாளில் முடிவு தெரிந்துவிடும் பரிசோதனை அது. அதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் மாதக்கணக்கில் சோதித்துக்கொண்டிருப்பதைப்போல் எரிச்சலூட்டும் வீணடிப்பு என் தொழிலில் வேறில்லை. ஆண்களுக்கு விந்தணு வாழ்நாள் முழுவதும் உற்பத்தியாகிறது என்றாலும் வயதின் தடம் அதிலும் பதிகிறது. தந்தையின் வயது ஓராண்டு கூடும்போது குழந்தைக்குச் செல்லும் புதிய மரபணு மாற்றங்களில் சுமார் இரண்டு கூடுகின்றன என்று ஐஸ்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. இருந்தும் மூத்த தந்தையரின் குழந்தைகளிடம் ஆட்டிசம் போன்ற சில நிலைகள் சற்றே கூடுதலாகக் காணப்படுகின்றன.

இப்போது மூன்றாவது கேள்வி. ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 20 வயதில் ஏறத்தாழ 1,500-இல் ஒன்று, 35 வயதில் 350-இல் ஒன்று, 40 வயதில் 100-இல் ஒன்று, 45 வயதில் 30-இல் ஒன்று. வேகமாக ஏறுகிறது என்பது உண்மை. 45 வயதிலும் 30 குழந்தைகளில் 29 குழந்தைகளுக்கு அது இல்லை என்பதும் உண்மை. கர்ப்பத்தின் பத்தாவது வாரத்திலிருந்து தாயின் ரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு இந்த அபாயம் மிகுதியா என்று நம்பகமாகச் சலித்துப் பார்க்க முடியும்; 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் வேறு பல செய்திகளையும் சொல்லும். இவை ஐயத்தை எழுப்புபவையே தவிர, உறுதிசெய்பவை அல்ல. உறுதிசெய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரங்களுக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு. முடிவு எப்படி வந்தால் என்ன செய்வோம் என்பதைச் சோதனைக்கு முன்பே நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. எதையும் சோதிக்காமல் இருப்பதும் உங்கள் உரிமைதான்.

தாயின் உடல்நலத்தைப் பொறுத்தவரை, கர்ப்பகாலச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழிறங்கி அமைதல், குறைமாதப் பிரசவம், சிசேரியன் ஆகியவை இந்த வயதில் கூடுதல். இரட்டைக் குழந்தைகளும் கூடுதல். சிகிச்சை இல்லாமலேகூட, 30-களின் பிற்பகுதியில் ஹார்மோன் தூண்டுதல் மிகுவதால் ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளியாவதுண்டு. ரத்த அழுத்த ஆபத்தைக் குறைக்க 12-ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் உங்களுக்குத் தேவைப்படலாம். அதை மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள். இறுதி வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து வயதோடு சற்று உயர்வதால், 39 அல்லது 40-ஆவது வாரத்தில் பிரசவத்தைத் தூண்டுவது பற்றியும் பேசுவார்கள். உயர் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ முன்பே இல்லாத, நல்ல கண்காணிப்பில் உள்ள பெண்கள் 40 வயதுக்குப் பிறகும் பெரும்பாலும் நலமாகவே பெற்றெடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியவற்றில் ஒன்றை இன்றே தொடங்கலாம்: தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுத்து, 12 வாரங்கள் முடியும்வரை தொடர வேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அளவு மாறும். வீட்டில் யாராவது புகைத்தால் நிறுத்திவிடுங்கள். புகைப்பவர்களுக்கு மாதவிடாய் நிற்பதே ஓரிரு ஆண்டுகள் முந்திவிடுகிறது.

மருத்துவரைச் சந்தித்த பிறகு, சில மாதங்கள் மாத்திரை கொடுத்து முட்டையைத் தூண்டிப் பார்க்கலாம் என்று அவர் சொன்னால், அதற்குப் பதிலாக நேரடியாக ஐ.வி.எஃப். செய்வது பொருந்துமா என்று தயங்காமல் கேளுங்கள். 38 முதல் 42 வயதுடைய பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், நேரடியாக ஐ.வி.எஃப். தொடங்கியவர்கள் குறைந்த சிகிச்சைச் சுழற்சிகளில் (ஒரு முறை முழுமையாகச் செய்யும் சிகிச்சையே ஒரு சுழற்சி) கருத்தரித்தார்கள். சொந்தக் கருமுட்டையில் எத்தனை சுழற்சி முயல்வது, அதன் பிறகு தானக் கருமுட்டையை ஏற்பதா, தத்தெடுப்பதா, இருவராகவே வாழ்வதா என்பவை முதல் சுழற்சிக்கு முன்பே உங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டியவை. தோல்வியின் மறுநாளில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இன்னொரு சுழற்சிக்குப் பணம் கட்டும் முடிவாகவே இருக்கிறது. தானக் கருமுட்டைக்கு ஓராண்டு தாமதமானாலும் வாய்ப்பு அவ்வளவாகக் குறையாது. சொந்தக் கருமுட்டைக்கு ஆறு மாதமே பெரிய இழப்பு. ஆகவே எதை முதலில் முயல்வது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

சிகிச்சை மையத்தில் வெற்றி விகிதம் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அது எதன் விகிதம் என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனை உறுதியானவர்களின் எண்ணிக்கையைச் சொல்வதுண்டு; எல்லா வயதினரையும் சேர்த்துச் சொல்வதுண்டு; தானக் கருமுட்டைச் சுழற்சிகளையும் கலந்து சொல்வதுண்டு. கடந்த ஆண்டில் 42 வயதுப் பெண்கள் எத்தனை பேர் சொந்தக் கருமுட்டையோடு இங்கே சிகிச்சையைத் தொடங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் உயிருள்ள குழந்தையோடு வீடு திரும்பினார்கள் என்ற இரண்டு எண்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.